வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் போகிறேன். அங்கே மவுண்டன் பைக் (மலைப்பாதை சைக்கிள்) ஓட்டும் தமிழர்கள் இருக்கிறார்களா? புதிதாக வருபவரைச் சேர்த்துக்கொள்வார்களா? என்ன வண்டி வேண்டும்?

இருக்கிறார்கள், தாராளமாகச் சேர்த்துக்கொள்வார்கள். நான் அம்பாசமுத்திரத்துக்காரன். சாஃப்ட்வேர் வேலைக்காக இங்கே வந்து குடும்பத்தோடு தங்கிவிட்டேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் பெரும்பாலோர் நாலைந்து தலைமுறையாக இந்த மண்ணில் வாழும் தமிழர்கள். பேச்சு அதிகமும் ஆங்கிலத்தில் ஓடும். நடுநடுவே அண்ணா, தம்பி, அக்கா வரும். சாப்பாட்டுப் பேச்சு வந்துவிட்டால் தமிழ் தானாக வந்துவிடும்.

என்ன வண்டி வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சாதாரண ஹார்ட்டெயில் போதும். எங்களில் ஒருவர் கார் விலைக்கு வாங்கிய கார்பன் வண்டியில் வருவார், இன்னொருவர் தம்பியிடம் இரவல் வாங்கிய பழைய அலுமினிய வண்டியில் வருவார். ஏற்றத்தில் இரண்டு பேருக்கும் ஒரே மூச்சுதான் வாங்கும். குழுவில் பார்ப்பது வேறு விஷயம்: யாருக்காவது வண்டி நின்றால் நீங்களும் நிற்கிறீர்களா என்பது. அதை மட்டும் செய்துவிட்டால் மற்றதெல்லாம் அவர்களே சொல்லித் தருவார்கள்.

ஏனென்றால் எங்கள் உண்மையான பேச்செல்லாம் வண்டி நிற்கும்போதுதான் நடக்கிறது. இறக்கத்தில் யாரும் வாயைத் திறப்பதில்லை, ஏற்றத்தில் திறக்க முடிவதில்லை. பஞ்சர் ஆகி வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்த பிறகுதான் வீடு, வேலை, கடன், பிள்ளைகள் எல்லாம் வெளியே வரும்.

பஞ்சருக்கு இங்கே பஞ்சமே இல்லை. பள்ளத்தாக்குகளில் விரல் நீளத்துக்கு வேல முள் கிடக்கும், நம் ஊர் நெருஞ்சியும் உண்டு. அதனால் எல்லாருமே ட்யூபை எடுத்துவிட்டு டயருக்குள் சீலன்ட் என்ற ஓட்டை அடைக்கும் திரவத்தை ஊற்றித்தான் ஓட்டுகிறோம். சின்ன ஓட்டையைச் சீலன்டே அடைத்துவிடும். பெரிய ஓட்டை என்றால் எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் வருவார். கையால் தடவித் தேட மாட்டார். சக்கரத்தை மெதுவாகச் சுற்றியபடி காதைக் கொடுத்துக் கேட்பார். உஸ் என்ற இடத்தைக் கண்டுபிடித்ததும் ஓட்டை தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பி வைப்பார், சீலன்ட் அங்கே வந்து தேங்கட்டும் என்று. அப்புறம் பிசுபிசுப்பான ரப்பர் திரியை ஊசியில் கோத்து, பாதிக்கு மேல் உள்ளே குத்தி, ஒரே இழுப்பில் ஊசியை மட்டும் உருவிவிடுவார். திரி உள்ளே நிற்கும். முள் இன்னும் குத்திக்கொண்டே இருந்தால் அதை அவசரப்பட்டுப் பிடுங்க விடமாட்டார். "திரி கையில வந்த பிறகு பிடுங்கு தம்பி, அதுவரைக்கும் அதுதான் மூடி" என்பார்.

மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-இல் இந்த அண்ணனைப் பார்ப்பதே அபூர்வம். ஊரெல்லாம் இன்வெர்ட்டரும் சோலார் பலகையும் மாட்டிக்கொண்டிருந்தார். 2024-இல் மின்வெட்டு வெகுவாகக் குறைந்ததும் ஞாயிறு தவறாமல் வர ஆரம்பித்தார். ஒருநாள் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டே, "கரண்ட் வந்ததுல என் பொண்டாட்டிக்கு சந்தோஷம், பேங்க்காரனுக்குத்தான் வருத்தம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவர் வாங்கிய பக்கியின் (சின்ன பிக்கப் வண்டி) தவணை இன்னும் முடியவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அடுத்த வாரமே ஆசிரியராக இருக்கும் நண்பர், தன் பள்ளியில் வயரிங் வேலை இருப்பதாகச் சொல்லி அவரை அழைத்துப் போனார். இப்படித்தான் இங்கே காரியம் நடக்கிறது. அந்த ஆசிரியரை டிசம்பரில் எதிர்பார்க்காதீர்கள், மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) விடைத்தாள் திருத்தப் போய்விடுவார்.

அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் அக்கா இரவு ட்யூட்டி முடித்து நேராக வருவார். வந்ததும் அரை மணி நேரம் யாருடனும் பேசமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம். முதல் நிறுத்தத்தில் அவராகவே ஆரம்பிப்பார். ஆனால் சண்டை என்று வந்தால் அவர்தான் முதல் ஆள், அதுவும் கார் மெக்கானிக் தம்பியோடு. அந்தத் தம்பிக்கு எல்லா வியாதிக்கும் கார் பிரேக் ஆயில்தான் மருந்து. ஒருமுறை அக்காவின் வண்டிக்கும் அதையே ஊற்றப் பார்த்தார். அக்காவுடையது ஷிமானோ பிரேக், அதற்கு மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். காருக்கு ஊற்றும் டாட் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெட்டுவிடும். ஸ்ராம் கம்பெனியின் பிரேக்குகளில் பலவற்றுக்கு டாட் ஆயில், அங்கே மினரல் ஆயில் ஆகாது. "பேஷன்டோட ரத்த குரூப்பைப் பாக்காம ஏத்துவியா?" என்று அக்கா போட்ட போடில் தம்பி அடங்கிவிட்டார். இப்போது லீவரின் மூடியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எந்த வண்டியையும் தொடுவதில்லை.

இன்னொன்று, கிறீச் சத்தம். கடற்கரை ஊர், உப்புக் காற்று, மழை பெய்தால் செம்மண் சேறு என்பதால் வண்டிக்கு ஏதாவது ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். மிதிக்கும்போது சத்தம் வந்தால் எல்லாரும் பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டைத்தான் சந்தேகப்படுவார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அண்ணன் மட்டும் "எழுந்து நின்னு மிதி" என்பார். நின்று மிதிக்கும்போது சத்தம் போய்விட்டால் கோளாறு சீட்டிலோ சீட் கம்பியிலோ இருக்கிறது. கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவி (கார்பன் கம்பி என்றால் அதற்கான பசை), சரியான இறுக்கத்தில் மாட்டினால் போதும். இந்த ஒரு சோதனையால் பல பேருக்குக் கடைச் செலவு மிச்சமாகியிருக்கிறது.

எங்கே ஓட்டுகிறோம்? பக்கத்தில் என்றால் கீபா கார்ஜ், என்3 சாலையை ஒட்டிய பள்ளத்தாக்கு. நேரம் இருந்தால் ஹோவிக் பக்கம் கார்க்லூஃப், அங்கே பைன் காட்டுக்குள் குளிரக் குளிர ஓட்டலாம். எனக்குப் பிடித்தது வடக்கே பாலிட்டோ பக்கத்தில் கரும்புத் தோட்டங்களுக்குள் போகும் ஹோலா ட்ரெயில்ஸ். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் கரும்பு. 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேரை ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் இருக்கும் இந்த நேட்டால் பகுதிக்குக் கொண்டுவந்தார்கள், அதில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். கிரேன் அண்ணனின் கொள்ளுத்தாத்தா இந்தக் கடற்கரையில் கரும்பு வெட்டியவர். அவர் வேலை செய்தது இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான் என்று வீட்டில் சொல்வார்களாம். அந்தப் பாதையில் போகும்போது அண்ணன் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். நாங்களும் முந்துவதில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் போனால் 2013 மவுண்டன் பைக் உலக சாம்பியன்ஷிப் கதையைக் கேட்காமல் திரும்ப முடியாது. அந்த ஊர்க்காரரான கிரெக் மின்னார், மலை இறக்கத்தில் ஓட்டும் டவுன்ஹில் போட்டியின் கடைசிப் பகுதியில் பின்சக்கரம் பஞ்சராகியும் விடாமல் ஓட்டி, அரை நொடிக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆசிரியர் நண்பர் அன்று வேலி ஓரம் நின்று அதைப் பார்த்தவர். யாராவது பஞ்சர் ஆகி முனகினால் போதும், "மின்னார் நின்னாரா?" என்று ஆரம்பித்துவிடுவார்.

ஓட்டி முடித்ததும் பன்னி சௌ. பாதி ரொட்டியைக் குடைந்து குழம்பை ஊற்றித் தருவார்கள், கையால்தான் சாப்பிட வேண்டும். புரட்டாசி மாதம் மட்டும் ஆட்டுக்கறி கிடையாது, மொத்தக் குழுவும் பீன்ஸ் பன்னிக்கு மாறிவிடும். விரதம் விஷயத்தில் இங்குள்ள தமிழர்கள் நம்மைவிடக் கறார். காவடி சமயத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாக மட்டும் ஓட்டாதீர்கள். வழிப்பறி நடக்கிற இடங்கள் உண்டு, பாம்பும் உண்டு, சில இடங்களில் போனுக்கு சிக்னல் கிடைக்காது. ஊரிலிருந்து சைக்கிள் கொண்டுவருவதானால் உங்கள் சைக்கிள் ஃப்ரேமுக்குப் பொருந்தும் டீரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியை ஃப்ரேமோடு பிடித்திருக்கும் துண்டு) இரண்டு வாங்கி வாருங்கள். கல்லில் இடித்தால் முதலில் வளைவதற்கென்றே மெல்லிய அலுமினியத்தில் செய்த பாகம் அது. வண்டிக்கு வண்டி வடிவம் மாறும், இங்கே தேடினால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். செயின் அறுந்தால் இணைக்க ஒரு க்விக் லிங்க், ஒரு பம்ப், அவசரத்துக்கு ஒரு ட்யூப், இவ்வளவுதான். திரி குத்தும் ஊசியை அண்ணனிடம் கேட்டால் கொடுப்பார், எப்படிக் குத்துவது என்பதையும் சேர்த்து.