ரிலீஸ் பில்டில் டைமர் பாதியில் நின்றுபோவது

டைமரை மெயின் மெத்தடுக்குள் உள்ளூர் மாறியாக வைக்காமல் கிளாஸில் ஸ்டாட்டிக் ஃபீல்டாக வையுங்கள், சரியாகிவிடும்.

உங்கள் கன்சோல் புரோகிராம் எஃப்5 அழுத்தி டீபக்கில் (பிழை தேடும் முறையில்) ஓட்டினால் நன்றாக ஓடுகிறது, ரிலீஸ் பில்டை (ஆப்டிமைஸ் செய்த இறுதி வடிவத்தை) எம்.சி. ரோடு துணிக்கடை பில்லிங் மெஷினில் போட்டால் கன்சோல் திறந்தே இருக்க, 10 நிமிடத்துக்கு ஒருமுறை பேக்கப் புரோகிராமைக் கிளப்ப வேண்டிய டைமர் மட்டும் கொஞ்ச நேரத்தில் சத்தமில்லாமல் படுத்துவிடுகிறது என்கிறீர்கள். டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8, சிஸ்டம்.த்ரெடிங்.டைமர் என்றால் பெரும்பாலும் கார்பேஜ் கலெக்டர் (இனி யாருக்கும் தேவையில்லாத ஆப்ஜெக்டுகளை மெமரியிலிருந்து அகற்றுவது) வேலைதான். டைமர் இருக்கும் மாறியை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை என்று பார்த்ததும் ரிலீஸில் டைமரை வாரிக்கொண்டு போய்விடும்; டீபக்கில் மெத்தட் முடியும் வரை விட்டுவைக்கும்.

சந்தேகமிருந்தால் கால்பேக்கின் (டைமர் ஒவ்வொரு முறையும் கூப்பிடும் மெத்தடின்) கடைசி வரியில், கார்பேஜ் கலெக்டரை உடனே ஓடவைக்கும் ஜிசி.கலெக்ட் போட்டு ரிலீஸை ஓட்டுங்கள். டைமர் ஒரு தடவையோடு நின்றால் இதுதான் காரணம். பார்த்ததும் அந்த வரியை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: பேக்கப் 10 நிமிடத்தைத் தாண்டினாலும் டைமர் காத்திருக்காது, இன்னொன்றையும் கிளப்பிவிடும், இரண்டும் ஒரே ஃபைலுக்கு அடித்துக்கொள்ளும். டைமரின் பீரியடை (திரும்ப ஓடும் இடைவெளியை) டைம்அவுட்.இன்ஃபினிட் ஆக்கி, அதாவது தானாகத் திரும்ப ஓடாதபடி வைத்து, பேக்கப் வேலை முடிந்ததும் அடுத்த தடவைக்கு டைமரின் சேஞ்ச் மெத்தடைக் கூப்பிடுங்கள். அப்புறம், கரண்ட் போய் வந்தால் கன்சோல் தானாக எழுந்திருக்காது. அதற்கு, குறித்த நேரத்தில் புரோகிராமைத் தானே கிளப்பும் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரே மேல்.