சொந்தக் காசில் தொழில்: யாரிடம் கேட்பது?

அன்புள்ள அக்கா,

களுவாஞ்சிக்குடியில் வீட்டிலிருந்தே சிவப்பரிசி வறுத்த மா செய்து, 500 கிராம் பக்கற்றாக அயல் கடைகளுக்குக் கொடுக்கிறேன். சேமித்த 80,000 ரூபாய்தான் முதல். கடன் எடுக்கப் பயம். சில நேரம் மா காறிப்போகிறது. சொல்லித்தர ஒருவரும் இல்லை. நல்ல வழிகாட்டி ஒருவரை எப்படித் தேடுவது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

எல்லாம் தெரிந்த ஒருவரைத் தேடினால் காலம்தான் போகும். உங்களுக்கு வேண்டியது நாலு பேர், ஆளுக்கொரு கேள்வி. "எனக்கு வழிகாட்டுங்கள்" என்றால் நழுவிவிடுவார்கள். "மூன்றாம் கிழமை மா ஏன் காறுகிறது?" என்றால் தெரிந்தவர் நின்று பதில் சொல்வார்.

போகுமுன் கொப்பியில் கணக்கை எழுதுங்கள். 10 கிலோ அரிசி ஊறி, அரைபட்டு, வறுபட்டு, அரித்தபின் எத்தனை கிலோ மாவாக நிற்கிறது? மில் கூலி, விறகு, பக்கற், லேபல், பெற்றோல் எவ்வளவு? உங்கள் நாட்கூலி எவ்வளவு? கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை. விலையும் அதற்கேற்பக் குறைந்துவிடுகிறது. வேலைக்கு ஆள் வைத்த அன்றே நட்டம் தொடங்குகிறது.

முதலில் மண்முனை தென் எருவில் பற்று பிரதேச செயலகம். உங்கள் ஊரிலேயே இருக்கிறது. வியாபாரப் பெயர்ப் பதிவு அங்கேதான். கிராம உத்தியோகத்தரை முன்கூட்டியே கண்டு பேசுங்கள். சிறுதொழில் முயற்சிக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் பெயர் கொடுத்து வையுங்கள். பயிற்சியோ கண்காட்சியோ வந்தால் தெரிந்த ஆளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

அடுத்தவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அவரைக் கண்டு ஒளிக்காதீர்கள், நீங்களே அழைத்து இடத்தைக் காட்டுங்கள். லேபலில் சேர்மானம், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், பெயர், முகவரி எல்லாம் சரியா என்று அச்சடிக்குமுன் கேளுங்கள். 2,000 லேபல் அடித்தபின் பிழை தெரிந்தால் அவ்வளவும் குப்பை.

மா கெடுவதற்குக் காரணம் இரண்டு. சூட்டோடு கட்டினால் ஆவி உள்ளேயே தண்ணீராகிப் பூஞ்சணம் பிடிக்கும். முழுக்க ஆறவிடுங்கள், ஆனால் மாரி காலத்தில் இரவு முழுக்கத் திறந்து போடாதீர்கள், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காறல் வேறு: சிவப்பரிசித் தவிட்டில் உள்ள எண்ணெய் காற்றுப் பட்டுக் கெடுவதால் வருவது. காற்றுப் புகாத தடித்த பக்கற்றில் நன்றாக ஒட்டுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் நாலு பக்கற்றை ஒதுக்கி, இரண்டு கிழமைக்கு ஒன்றாகப் பிரித்து மணந்து, சமைத்தும் பாருங்கள். காலாவதித் திகதியை அதை வைத்தே முடிவு செய்யுங்கள். பக்கத்துக் கம்பனியின் பக்கற்றைப் பார்த்து எழுத வேண்டாம். இதற்கு மேலே சந்தேகம் இருந்தால், மூன்றாவதாக, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்துக்குக் கொப்பியோடு போங்கள்.

நாலாமவர்தான் மிகப் பெரிய துணை: இதே தொழிலை வேறு ஊரில் செய்பவர். அக்கரைப்பற்றிலோ திருகோணமலையிலோ தேடுங்கள். உங்களால் அவருக்குச் சந்தை பறிபோகாது, வாய் திறப்பார். முதலில் அவருடைய பக்கற்றைக் காசு கொடுத்து வாங்குங்கள். செய்முறையைக் கேட்காதீர்கள், எந்தத் தடிப்பில் பொலித்தீன், எந்தக் கடை காசை இழுத்தடிக்கிறது என்று கேளுங்கள்.

உங்கள் முதலுக்கு உண்மையான ஆபத்து, கடைகளுக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுப்பது. பக்கற்றுக்குச் செலவு 200 ரூபாய் என்று வைப்போம். எட்டுக் கடைக்கு 20 பக்கற் வீதம் கொடுத்து, காசு வருமுன் இரண்டாம் முறையும் கொடுத்தால் 64,000 ரூபாய் கடைத் தட்டில் நிற்கும். அடுத்த அரிசிக்குக் காசு இராது. அந்த இடத்தில்தான் பலர் கிழமைக் கட்டு நுண்கடனில் கைவைக்கிறார்கள். பழைய பக்கற்றின் காசு வந்தபின்பே புதியதை இறக்குங்கள். ஒத்துக்கொள்ளாத கடையை விட்டுவிடுங்கள், மூன்று கடை போதும்.

அன்புடன்,
அக்கா