லீஷ் கட்டிப் பூனையைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகலாமா?

கேள்வி: சென்னையில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் இருக்கிறோம். எங்கள் பூனைக்கு 2 வயது. ஆண், கருத்தடை செய்தாகிவிட்டது. நாள் முழுக்க ஜன்னலில் உட்கார்ந்து புறாக்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான், பாவமாக இருக்கிறது. உடம்பைச் சுற்றி மாட்டும் ஹார்னெஸ் பட்டை வாங்கி மாலையில் பக்கத்துப் பூங்காவுக்குக் கூட்டிப்போக நினைக்கிறேன். பாதுகாப்பா?

பதில்: வெளியே தாராளமாகக் கூட்டிப்போங்கள். ஆனால் மாலை நேரத்துப் பூங்கா வேண்டாம்.

பயந்த பூனைக்குத் தெரிந்த வழி இரண்டுதான்: ஓடுவது, உயரத்தில் ஏறுவது. லீஷ் கட்டியதும் இரண்டும் அடைபட்டுவிடுகின்றன. நம் ஊர்ப் பூங்காக்களில் கேட் திறந்தே கிடக்கும். பெஞ்சுக்கு அடியில் தெருநாய் படுத்திருக்கும். ஒரு நாய் எழுந்து வந்தால் போதும், பக்கத்தில் இருக்கும் ஒரே உயரம் நீங்கள்தான். பூனை உங்கள் கால் வழியாக ஏறித் தோளுக்கும் முகத்துக்கும் வந்துவிடும். அந்தப் பதற்றத்தில் வளர்த்தவரையே கடித்துவிடுவதும் உண்டு. பூனைக்கடி மேலே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் ஆழமாக இறங்கிச் சீழ் பிடிக்கும். உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

அதனால் ஹார்னெஸை விட முக்கியமாக நான் கேட்பது பூனையைத் தூக்கிப்போகும் கேரியர் பையை. பை எப்போதும் பக்கத்தில், ஜிப் திறந்தபடி இருக்கட்டும். நாய் வந்தால் பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்காதீர்கள், பைக்குள் விட்டு மூடுங்கள். அதற்கு அந்தப் பை அவனுக்குப் பிடித்த இடமாக ஆகியிருக்க வேண்டும். இன்றைக்கே ஹாலில் திறந்து வைத்து, உள்ளே ஒரு பழைய துண்டைப் போட்டு, சாப்பாட்டை அதற்குள்ளேயே வையுங்கள்.

ஹார்னெஸ் விஷயத்தில் பலரும் ஏமாறுவது ஒரு இடத்தில். பூனையின் தோளுக்கு முன்னால் இருக்கும் காறை எலும்பு நமக்கு இருப்பதுபோல மற்ற எலும்புகளோடு பிணைந்திருக்காது. தசைக்குள் மிதக்கும் சிறு துண்டு அது. நீங்கள் முன்னாலிருந்து லீஷை இழுப்பீர்கள். பூனை தலையைத் தாழ்த்தும், இரண்டு அடி பின்வாங்கும், தோள்கள் உள்ளே மடங்கும், முன்னங்கால் ஒன்று வெளியே வரும். அடுத்த நொடி உங்கள் கையில் வெறும் ஹார்னெஸ்தான். கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குள்ளேயே இதைச் சோதித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு விரல் மட்டும் நுழையும் அளவுக்கு இறுக்கம் வேண்டும். கழுத்துப் பட்டையில் மட்டும் லீஷை மாட்டவே கூடாது. நீண்டு சுருங்கும் லீஷும் வேண்டாம். கைப்பிடி நழுவினால் அது தடதடவென்று பின்னாலேயே வரும், பூனை மிரண்டு ஓடும். லீஷை மரத்திலோ பெஞ்சிலோ கட்டிவிட்டு நகர்வதும் ஆபத்து.

போகும் முன் தடுப்பூசிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெறிநாய்க்கடி ஊசி, மூன்று நோய்களுக்கான பூனைத் தடுப்பூசி, இரண்டும் நடப்பில் இருக்க வேண்டும். அந்த மூன்றில் ஒன்றான பன்லூகோபீனியாவின் வைரஸ் மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். இன்னொரு பூனையைப் பார்க்காமலேயே தொற்றிக்கொள்ளலாம். உண்ணி மருந்து பூனைக்கென்றே தயாரித்ததாக இருக்கட்டும். நாய்க்கு வாங்கியது மிச்சம் இருக்கிறதே என்று தடவிவிடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும், உயிரே போகலாம். செடிகளில் அரளி, செங்காந்தள், லில்லி மூன்றையும் நெருங்கவிடாதீர்கள்.

அப்புறம் வெயில். அதிகாலை வெளிச்சம் வந்ததும் போய், தரை சுடுவதற்குள் திரும்பிவிட வேண்டும். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நாய் மாதிரி சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள், அடங்கவில்லை என்றால் மருத்துவரிடம் ஓடுங்கள்.

சரி, பூங்கா இல்லையென்றால் எங்கே? உங்கள் அடுக்குமாடியின் பின்பக்கம், ஆள் நடமாட்டமும் நாயும் இல்லாத ஒரு மூலை போதும். பூனைக்குத் தூரம் பெரிதில்லை. ஒரே செடியை 5 நிமிடம் மோந்துகொண்டு நிற்கும், அதுதான் அதற்கு உலா. வீட்டு வாசலைப் பைக்குள் வைத்தே தாண்டுங்கள். நடந்து தாண்டிப் பழகினால் கதவு திறக்கும்போதெல்லாம் பாயத் தொடங்கிவிடும்.

முதலில் 2 வாரம் வீட்டுக்குள்ளேயே ஹார்னெஸ் போட்டுப் பழக்குங்கள். போட்டதும் பக்கவாட்டில் சரிந்து படுத்து அசையாமல் கிடந்தால் பயப்பட வேண்டாம், பல பூனைகள் அப்படித்தான் செய்யும். இரண்டு வாரம் ஆகியும் அப்படியே கிடந்தால் வற்புறுத்தாதீர்கள். பால்கனிக்கு உறுதியான கம்பி வலை அடித்து, உயரத்தில் ஒரு பலகை வைத்துக்கொடுத்தாலே நிறைவாக இருப்பான். நைலான் புறா வலையைப் பல்லால் அறுத்துவிடும், அதை நம்ப வேண்டாம்.

முதல் நாள் கீழே போனதும் பையைத் திறந்துவிட்டு நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டான் என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். ஜிப்பை மூடி வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுங்கள்.