ஷிபா ரியோத்தாரோ யார், வரலாற்று நாவலுக்கு எப்படி வந்தார்?

ஜப்பானிய வரலாற்று நாவலாசிரியர் ஷிபாவின் எழுத்துக்குப் பின்னணி என்ன என்பது கேள்வி. 1923இல் ஒசாகாவில் பிறந்த இவருடைய இயற்பெயர் ஃபுக்குதா தெயிச்சி. சீன வரலாற்றாசிரியர் சிமா சியானுக்குத் தான் வெகுதொலைவில் பின்தங்கியவன் என்ற பொருள்படப் புனைபெயர் சூட்டிக்கொண்டார்; அடக்கம்தான், ஆனால் யாரை அளவுகோலாகக் கொண்டார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

மங்கோலிய மொழி படித்துக்கொண்டிருந்தபோது படையில் சேர்க்கப்பட்டு, வடகிழக்குச் சீனப் பகுதியான மஞ்சூரியாவில் டாங்கிப் பிரிவில் பணியாற்றினார். எதிரியின் குண்டைத் தாங்காத மெல்லிய தகடு போர்த்திய அந்த டாங்கிகளைப் பற்றிப் பிற்காலத்தில் கசப்போடு பலமுறை எழுதினார். 1945இல் ஜப்பான் போரில் தோற்றபோது அவருக்கு வயது 22. ஜப்பானியர் எப்போதிலிருந்து இவ்வளவு மூடர்களானார்கள் என்று அன்று எழுந்த கேள்விக்கு விடையாக, அன்று இளைஞனாக இருந்த தமக்கே எழுதும் கடிதங்கள்தான் தம் நாவல்கள் என்றார்.

போருக்குப் பின் செய்தியாளராக இருந்துகொண்டே எழுதி, 1960இல் வெகுஜன இலக்கியத்துக்கான நவோக்கி விருது பெற்றார். சங்கேய் நாளிதழில் 1962 முதல் 1966 வரை தொடராக வந்த நாவல்தான், ஷோகன் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவர உழைத்த 19ஆம் நூற்றாண்டுச் சாமுராய் சகாமோத்தோ ரியோமாவை மக்கள் நாயகனாக்கியது. இன்றைய ஜப்பானியர் மனத்திலுள்ள ரியோமா பெரும்பாலும் ஷிபா படைத்தவரே.

ஜப்பான் நவீனமான மெய்ஜி காலத்தை (1868–1912) ஒளியாகவும் பிந்தைய ராணுவ ஆண்டுகளை இருளாகவும் அவர் பிரித்துக் காட்டியதை வரலாற்றாய்வாளர் பலர் ஏற்பதில்லை. அந்தக் குறை நியாயமானதே. 1971இல் தொடங்கிய பயணக் கட்டுரைத் தொடரை 1996இல் இறக்கும்வரை எழுதிக்கொண்டிருந்தார். ஹிகாஷி ஒசாகாவிலுள்ள அவரது நினைவகத்தில் 11 மீட்டர் உயரச் சுவர் முழுவதும் புத்தக அடுக்குகள்தான்.