அடர்நீலமா, சிவப்பா?

கேள்வி: எங்கள் சமையலறை அலமாரிகளின் மரக் கதவுகள் பத்து வருடமாக ஒரே வெளிர் க்ரீம் நிறம். அடர்நீலமோ நல்ல சிவப்போ அடிக்க ஆசை. “அறையே இருண்டுவிடும்” என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாக அடியுங்கள். ஆனால் சிவப்பென்றால் ஒரு வார்த்தை, நான் பட்டவள். வெள்ளை பெயின்டில் டைட்டானியம் டை ஆக்ஸைடு இருப்பதால் அடியில் உள்ளதைச் சீக்கிரம் மூடிவிடும். பளிச் சிவப்புக்கு அந்தச் சக்தி குறைவு. வெள்ளை பிரைமர் (பெயின்டுக்கு அடியில் போடும் முதல் பூச்சு) மேல் நாலு கோட் அடித்தும் என் கதவுகளில் பிரஷ் போன தடம் தெரிந்தது. சாம்பல் நிற பிரைமர் போட்டிருந்தால் ஒன்றிரண்டு கோட்டாவது மிச்சமாகியிருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது என் அலமாரி கரும்பச்சை.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. மேலும் கீழும் அடர்நிறமாக இருந்தால் சின்ன அறை இருண்டுதான் போகும். கீழ் அலமாரிகளுக்கு மட்டும் நீலம் அடித்து, மேலே க்ரீமையே விட்டுவிடுங்கள். ஷேடு கார்டில் உள்ள கட்டை விரல் அகலச் சதுரத்தை நம்ப வேண்டாம். ஒரு ஏ4 அட்டையில் இரண்டு கோட் அடித்து, கதவிலேயே நிமிர்த்தி ஒட்டி வையுங்கள். காலையில் பாருங்கள், ராத்திரி விளக்கிலும் பாருங்கள். 2700 கெல்வின் மஞ்சள் பல்பின் கீழ் அடர்நீலம் கிட்டத்தட்ட கறுப்பாகத் தெரியும். அதே அட்டை 4000 கெல்வின் வெள்ளை பல்பின் கீழ் நீலமாக இருக்கும். அப்போது மாற்ற வேண்டியது பெயின்டை அல்ல, பல்பை.

நிறத்தைவிட எனக்குப் பயம் எண்ணெய்ப் பிசுக்கு. கைப்பிடியைச் சுற்றியும் அடுப்புக்குப் பக்கத்திலும் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். அதன் மேல் எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் உரிந்துவிடும். கதவுகளைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் தேய்த்து, வெறும் தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள். அதற்குப் பிறகுதான் உப்புத்தாள்: முதலில் 150 நம்பர், அப்புறம் அதைவிட நைசான 220. முதலிலேயே உப்புத்தாள் போட்டால் பிசுக்கை மரத்துக்குள் தேய்த்து ஏற்றுவதுதான் நடக்கும். கழற்றும்போதே கீல் குழிக்குள் எண் எழுதி, மேலே டேப் ஒட்டிவிடுங்கள். எல்லாக் கதவும் ஒரே அளவுபோலத்தான் இருக்கும், மாட்டும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

பச்சையில் நான் செய்த தப்பு வேறு. தொட்டால் கையில் ஒட்டவில்லை என்று மறுநாளே கதவுகளை மாட்டிவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு கதவைத் திறந்தால் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, ஓரத்துப் பெயின்ட் தோல்போல உரிந்து வந்தது. காய்வது வேறு, இறுகுவது வேறு. எனாமல் முழுதாக இறுக இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். அடர்நிறத்தில் சாயம் அதிகம் என்பதால் இன்னும் தாமதமாகலாம். அதுவரை கதவுகள் இல்லாமல் இருந்துவிடுங்கள். முடியாவிட்டால், மாட்டிய பிறகு சட்டத்தில் சின்ன ரப்பர் பொட்டுகளாவது ஒட்டுங்கள்.

பளபளப்பு? சாட்டின், அதாவது மிதமான மினுக்கு. அடர்நிறத்தில் முழுப் பளபளப்பான ‘கிளாஸ்’ பெயின்ட் அடித்தால் ஒவ்வொரு விரல் ரேகையும் தெரியும். பளபளப்பே இல்லாத மேட், துடைத்துத் துடைத்தே அங்கங்கே மினுங்கத் தொடங்கும்.

நீலத்துக்கு ஒரு பழைய சாட்சியும் உண்டு. 1926-ல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்ஃபர்ட் சமையலறையில் அலமாரிகளுக்கு நீலம் அடித்தார்கள், அந்த நிறத்தில் ஈ உட்காராது என்று நம்பி. என் பச்சையில் உட்காருகிறது.

கேள்வி: எங்கள் கதவுகள் மரமில்லை, லேமினேட். பெயின்ட் பிடிக்குமா?

பதில்: பிடிக்கும். ஆனால் வழவழப்பான பரப்புக்கென்றே உள்ள பாண்டிங் பிரைமர் போட வேண்டும். ஓரத்தில் லேமினேட் பிரிந்திருந்தால் முதலில் அதை ஒட்டுங்கள். ஒரு கதவின் உட்புறத்தில் மட்டும் அடித்து, ஒரு வாரம் கழித்து அதில் டேப் ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். பெயின்ட் கூடவே வந்தால் மற்ற கதவுகளைத் தொடாதீர்கள்.