டீ ஆறுவதற்குள் கேட்டுவிடுங்கள்

ஓவியர்களின் வேலை, பேச்சு, வம்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நம் ஓவியப் பக்கத்தை எழுதிவருபவர் பதில் சொல்கிறார்.

ஓவியர்கள் நாலு பேர் சேர்ந்தால் என்ன பேசுவீர்கள்? கலைக் கொள்கைகளா?
(வாசகர், திருநெல்வேலி)

கொள்கையா! நாங்கள் வழக்கமாகக் கூடுவது ஒரு ஃபிரேம் கடையில். கடைக்காரர் சட்டம் அறுத்துக்கொண்டே இருப்பார், மரத்தூள் டீயில் விழும், யாரும் கண்டுகொள்ள மாட்டோம். போன தடவை பேச்சு வெள்ளை நிறத்தில் ஆரம்பித்தது. எண்ணெய் வண்ணத்தில் ஜிங்க் வைட்டை அடிப்பூச்சாகப் போடலாமா கூடாதா என்று ஒரு தகராறு. போடக்கூடாது என்பது என் கட்சி. அது வருஷம் போகப்போக நொறுங்கும், மேலே பூசிய வண்ணத்தையும் சேர்த்துக்கொண்டு உரியும். டைட்டானியம் வைட்தான் பத்திரம். எதிர்க்கட்சிக்காரர் சொன்னார்: "டைட்டானியம் எல்லாத்தையும் மூடிடுதும்மா. எனக்கு அடியில இருக்கிறது கொஞ்சம் தெரியணும்."

அங்கிருந்து சென்னை வெயிலுக்குப் போனோம். அக்ரிலிக் வண்ணத்தில் இருக்கும் தண்ணீர் ஆவியானால் அது காய்ந்துவிடும். மே மாதத்தில் ஃபேனுக்குக் கீழே இரண்டு நிறத்தைக் கலப்பதற்குள் தட்டிலேயே தோலாகிவிடும். ஆகவே ஃபேனை நிறுத்திவிட்டு, தண்ணீர் தெளித்துக்கொண்டு, வேர்வை கான்வாஸில் சொட்டாமல் இருக்கத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வரைகிறோம். எண்ணெய் வண்ணம் இதற்கு நேர்மாறு. ஆளி விதை எண்ணெய் ஆவியாவதில்லை, காற்றிலிருந்து ஆக்ஸிஜனை வாங்கி இறுகுகிறது. தடிமனாக அப்பினால் மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் மாதக்கணக்கில் கிடக்கும். ஓவியம் முடிந்து எவ்வளவு நாள் கழித்து வார்னிஷ் போடுவது என்று ஒரு மணி நேரம் பேசக்கூடியவர்கள் நாங்கள். அப்புறம் வாடகை, முதுகுவலி, கூரியரில் ஓட்டையாகி வந்த கான்வாஸ்.

இதில் கலை எங்கே என்பீர்கள். "அடியில இருக்கிறது கொஞ்சம் தெரியணும்" என்றாரே, அவருடைய இருபது வருஷ வேலை முழுக்க அந்த ஒரு வரிதான். விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியும் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

சோழமண்டலத்தில் பெரிய பெரிய விவாதங்கள் நடந்ததாகப் படித்திருக்கிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அங்கும் வார்னிஷ் பேச்சுதானோ?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை)

குத்தலாகக் கேட்டாலும் நல்ல கேள்வி. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் எழும்பூர் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்தபோதே, மாணவர்களும் சகாக்களுமாகச் சேர்ந்து சென்னைக்குத் தெற்கே இஞ்சம்பாக்கம் கடற்கரையில் உருவாக்கிய ஓவியர் கிராமம் அது. படம் விற்றுச் சாப்பிட முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் கைவினைச் சங்கம் ஒன்று வைத்துக்கொண்டு பாத்திக் துணி போட்டு விற்றார்கள். அந்தக் காசுதான் நிலமாகவும் வீடாகவும் மாறியது. அப்போது அங்கே சவுக்கும் மணலும்தான். இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலையை மனதில் வைத்துக்கொண்டு நினைக்காதீர்கள்.

விவாதம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. பாரிஸைப் பார்த்து வரைந்தது போதும், நவீனமாகவும் இருக்க வேண்டும், இந்த மண்ணின் கோடாகவும் இருக்க வேண்டும், அது எப்படி என்பதுதான் அந்தத் தலைமுறையின் கேள்வி. ஆனால் அதைப் பேசியவர்களின் கை பகலெல்லாம் சாயத்தில் இருந்தது. பாத்திக் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துணியில் உருக்கிய மெழுகைத் தடவி, காய்ந்ததும் கசக்கி, சாயத்தில் முக்குவார்கள். மெழுகு வெடித்த இடத்திலெல்லாம் சாயம் புகுந்து நரம்பு நரம்பாக ஓடும். எங்கே ஓடும் என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது. கோடுகளைப் பற்றிய பேச்சு அந்தக் கூட்டத்தில் அவ்வளவு வலுவாக இருந்ததற்கு, வயிற்றுப்பாட்டுக்குச் செய்த இந்த வேலைக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். கலை வரலாற்றுக்காரர்கள் இதை இரண்டு வரியில் தாண்டிப்போவது எனக்கு எப்போதும் எரிச்சல்தான்.

பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1963 வாக்கில் தொடங்கியது. மாணவர் ஒருவரின் கணக்கு நோட்டுப் பக்கம் அதற்குத் தூண்டுதல் என்று சொல்வார்கள். எண், எழுத்து, கட்டம், படம் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் பக்கம். அவர் படத்தில் மலையாளம் மாதிரி எழுத்து இருக்கும், வாசித்தால் பொருள் வராது. கேரளத்து நண்பர் ஒருவர் என்னோடு அருங்காட்சியகத்தில் நின்று, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அரை மணி நேரம் வாசிக்கப் பார்த்தார். பாவம்.

எனக்குப் பேச வராது. கூச்சம். நண்பர்கள் படத்தைப் பற்றி அழகாகப் பேசுகிறார்கள். பேசத் தெரியாதவன் ஓவியன் ஆக முடியாதா?
(கல்லூரி மாணவர், கும்பகோணம்)

கே. ராமானுஜம் என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். சோழமண்டலத்தில் இருந்தவர்களில் பேச்சு சரளமாக வராதவர் அவர். திக்கும். அவர் மையால் வரைந்த கனவு நகரங்களைப் பாருங்கள்: கோபுரம், மாளிகை, பறக்கும் பிராணிகள், நடுவில் தொப்பி போட்டுக்கொண்டு அவரே நிற்பார். பேனா முனை ஒரு அங்குல இடத்தைக்கூட வெறுமனே விட்டிருக்காது. 1973-ல் முப்பதுகளின் தொடக்கத்திலேயே இறந்துபோனார். நன்றாகப் பேசிய பலரின் படங்களைவிட அவர் படங்களைத்தான் இன்று இளைஞர்கள் நின்று பார்க்கிறார்கள்.

ஆனால் ஒன்று. அவரையும் ஒரு கூட்டம் பக்கத்தில் வைத்துக்கொண்டது, பணிக்கர் பார்த்துக்கொண்டார். நீங்களும் போய் உட்காருங்கள். பேச வேண்டாம், டீ வாங்கிக் கொடுங்கள் போதும்.

பேசிப் பேசி ஒரு படம் நன்றாக ஆனதுண்டா? உதாரணம் சொல்லுங்கள்.
(இல்லத்தரசி, சேலம்)

உண்டு. அதே ஃபிரேம் கடைதான். தோழி ஒருத்தி நாலடிக்கு மூணடி கான்வாஸைச் சட்டம் போடக் கொண்டுவந்திருந்தாள். கிணற்றடி மாதிரி ஒரு இடம், பாதி இருட்டு, இடது மூலையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் குடம். குடம் பிரமாதம். பளபளப்பு, உள்ளே விழும் நிழல், எல்லாம் கச்சிதம். எல்லோரும் குடத்தைப் புகழ்ந்தோம். கடைசியில் வந்த சிற்பி ஒன்றும் சொல்லாமல், வடை மடித்து வந்த காகிதத்தை எடுத்துக் குடத்தை மறைத்துப் பிடித்தார். எண்ணெய் பட்ட காகிதம், படத்தில் பட்டுவிடுமோ என்று எனக்குப் பதற்றம். ஆனால் மறைத்ததும் இருட்டுக்குள் இருந்த ஈரத் தரை தெரிந்தது. அதுவரை யாரும் பார்க்காத தரை. இரண்டு விதப் பழுப்பு, நடுவில் துவைகல்லின் விளிம்பு.

"குடம் நல்லாத்தான் இருக்கு, அதான் பிரச்சினை" என்றார்.

அவள் பதில் பேசவில்லை. கடைக்காரரிடம் "அண்ணே, இப்ப சட்டம் வேண்டாம்" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பிறகு கண்காட்சியில் பார்த்தேன். குடம் இல்லை. குடம் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு ஈரத் தடம் மட்டும் விட்டிருந்தாள். சிற்பி சொன்னதைவிட ஒரு படி மேலே போய்விட்டாள். அதில் அவருக்கே கொஞ்சம் பொறாமை.

பெண் ஓவியர்களுக்கு இந்த அரட்டையில் இடம் உண்டா?
(வாசகி, கோவை)

சோழமண்டலத்தில் சிற்பி அனிலா ஜேக்கப் இருந்தார், அர்ணவாஸ் இருந்தார். எண்ணிக்கையைப் பார்த்தால் இடம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். கூடும் நேரம் ராத்திரி எட்டு மணி என்றால் பெண்கள் வரமாட்டார்கள், மத்தியானம் மூன்று மணி என்றால் வருவார்கள். எங்கள் கூட்டம் மூன்று மணிக்கு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்கும் சாயங்கால டிராயிங் கிளாஸுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. ஆண்கள் முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது பழகிவிட்டார்கள்.

எழுத்தாளர்களும் ஓவியர்களும் பேசிக்கொள்வது உண்டா?
(வாசகர், தஞ்சாவூர்)

முன்பு நிறைய, இப்போது குறைவு. ஓவியர் கே.எம். ஆதிமூலம் பெரிய உதாரணம். துறையூர்ப் பக்கத்துக் கீரம்பூர்க்காரர். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969-ல் காந்தியைக் கறுப்பு வெள்ளைக் கோடுகளாக வரைந்து தள்ளியவர். இன்னொரு பக்கம் சிறுபத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் அட்டையும் தலைப்பெழுத்தும் போட்டுக் கொடுத்தார். கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு ஜூனியர் விகடனில் அவர் போட்ட கோடுகள் என் தலைமுறைக்கு ஓவியப் பாடம். நவீன ஓவியம் புரியாது என்று சொல்லிக்கொண்டிருந்த வீடுகளுக்குள் அது வார இதழோடு சேர்ந்து நுழைந்துவிட்டது.

கண்காட்சிக்குப் படங்களைப் பற்றி 'கான்செப்ட் நோட்' எழுதித் தரச் சொல்கிறார்கள். என்ன எழுதுவது?
(இளம் ஓவியர், புதுச்சேரி)

எழுதாதீர்கள், பேசுங்கள். ஊரிலிருந்து வந்த சித்தப்பா "என்னடா பண்ணிக்கிட்டிருக்கே?" என்று கேட்டால் என்ன சொல்வீர்களோ அதை போனில் பதிவுசெய்து, எழுத்தில் இறக்குங்கள். "எங்க தெருவில் இடிச்ச வீட்டுச் சுவரிலிருந்து பெயிண்ட் அடுக்கைச் சுரண்டிப் பலகையில் ஒட்டியிருக்கேன், ஒரு வீட்டுக்கு ஒரு பலகை." போதும், இதுவே நோட். "காலவெளியின் ஊடாக நினைவின் தடங்களைத் தேடும் பயணம்" என்று போட்டால் அந்தச் சுண்ணாம்பு வாசனை போய்விடும். நடுவராக உட்கார்ந்தபோது இந்தப் பயணம் எவ்வளவு படித்திருக்கிறேன் தெரியுமா? ஒருத்தரும் ஊர் போய்ச் சேர்ந்ததில்லை.

ஓவியர்கள் ஓவியர்களோடுதான் பேச வேண்டுமா? சாதாரண மக்களோடு பேசி ஓவியம் உண்டாகாதா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் தா. சனாதனன், போரில் வீட்டை விட்டுப் போனவர்களிடம் பேசினார். நீங்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்திலிருந்து வரைந்து காட்டுங்கள் என்று கேட்டார். அவர்கள் வரைந்த படம், அதைக் கட்டடக் கலைஞர் அளவாகத் திருப்பி வரைந்த படம், அவர்கள் சொன்ன கதை, அதைக் கேட்டுச் சனாதனன் தீட்டிய ஓவியம். இத்தனையும் சேர்ந்து 2011-ல் புத்தக வடிவில் ஒரு கலைப்படைப்பாக வந்தது. ஒல்லாந்தர் காலத்து நிலப்பதிவேடான தோம்பின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்.

ஓவியம் பழகாத ஒருவர் வீட்டை வரையும்போது அளவு தப்பும். கிணறு அடுப்படியைவிடப் பெரிதாக இருக்கும், வேப்பமரம் கூரையை இடிக்கும். கட்டடக் கலைஞரின் படத்தில் அந்தத் தப்பெல்லாம் திருந்திவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது, திருந்தியதில் என்ன காணாமல் போனது என்று தெரிகிறது. இதை ஓவியர்களோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தால் செய்திருக்க முடியாது.

ஓவியரின் ஸ்டூடியோவுக்குப் போனால் என்ன கேட்கலாம்?
(வாசகி, சென்னை)

"இதுக்கு என்ன அர்த்தம்?" வேண்டாம். "இதை எதால் செஞ்சீங்க?" என்று கேளுங்கள், அவரே அரை மணி நேரம் பேசுவார். பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டைத் தட்டித் தட்டி முன்பக்கம் மட்டும் கொண்ட சிற்பங்கள் செய்தார். தகடு ஏன், பின்பக்கம் ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்டே போனால், கோயில் மூர்த்திக்குச் சாத்தும் கவசத்தில் போய் நிற்பீர்கள். அர்த்தம் கேட்டுப் போயிருந்தால் வாசலோடு திரும்பியிருப்பீர்கள்.

விலையைப் பற்றி உங்களுக்குள் பேசிக்கொள்வீர்களா?
(பெயர் வேண்டாம், ஈரோடு)

பேசுவோம், குரலைத் தாழ்த்திக்கொண்டு. வளர்ந்துவருபவர்கள் பலர் சதுர அங்குலக் கணக்கில்தான் விலை போடுகிறார்கள். கேலரி மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடுத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உங்களோடு படித்தவர்கள் என்ன போடுகிறார்கள் என்று வெட்கப்படாமல் விசாரியுங்கள். கேலரியில் ஒரு விலை, வீட்டுக்கு வருபவருக்கு ஒரு விலை என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். வாங்கிய இரண்டு பேரும் ஏதாவது ஒரு கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள்.