மதிப்பெண் குறைந்த கிளை

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் நிறுவனத்துக்கு மூன்று நாடுகளில் கிளைகள் உண்டு. 'என் பலங்களைப் பயன்படுத்த இங்கே வாய்ப்புக் கிடைக்கிறது' என்பது போன்ற வாக்கியங்களுக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் கேட்டோம். ஒரு கிளை 6ஐத் தொட்டது. ஜப்பான் கிளை 4ஐத் தாண்டவில்லை. அங்குள்ள மேலாளரைப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்கிறது தலைமை. சரிதானா?

மனிதவளத் துறையில் இருக்கும் ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அவசரப்பட வேண்டாம். அந்த வாக்கியத்துக்கு 7 போட வேண்டுமென்றால் 'எனக்குப் பலங்கள் உண்டு' என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தன்னைத்தானே மெச்சுவது அநாகரிகம் என்று வளர்ந்தவர் நடுவில் உள்ள எண்ணைத்தான் தொடுவார். வேலை ஈடுபாட்டை அளக்கும் உட்ரெக்ட் அளவுகோலை வைத்து ஜப்பானிய, நெதர்லாந்து ஊழியர்களை ஒப்பிட்ட 2010ஆம் ஆண்டு ஆய்வும் இதைத்தான் சொன்னது: ஜப்பானியர்களின் குறைந்த மதிப்பெண்ணுக்கு, நல்லுணர்வை வெளிக்காட்டத் தயங்குவதும் ஒரு காரணம். எனவே நாடுகளை வரிசைப்படுத்தாதீர்கள். ஒவ்வொரு கிளையையும் அதன் சென்ற ஆண்டு மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள்.

கேள்வியையும் மாற்றுங்கள். 'கடந்த 2 வாரத்தில் உங்களுக்கு நன்றாக வரும் வேலை எத்தனை நாள் கைக்கு வந்தது?' என்று கேட்டால் அடக்கம் குறுக்கே நிற்காது. கிளையின் மொழிக்கு மொழிபெயர்த்த கேள்வியை இன்னொருவரைக் கொண்டு மூலமொழிக்குத் திருப்பிப் பாருங்கள். பிறகு ஐந்தாறு ஊழியர்களிடம் கொடுத்து, என்ன புரிந்தது என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பலர் கைவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான்.

இனி, ஊழியர் தம் பலங்களைப் பயன்படுத்த மேலாளர் தரும் ஆதரவு. 'உன் பலம் என்ன?' என்று மேலாளர் நேரே கேட்டால் பல இடங்களில் மௌனம்தான் பதில். அதற்குப் பதில், சென்ற மாத வேலைகளை ஊழியரே ஒரு தாளில் எழுதட்டும். நேரம் போனதே தெரியாதவை, சும்மா முடித்தவை, சோர்வு தந்தவை என்று மூன்று குறிகள் போதும். உளவியலாளர்கள் பீட்டர்சனும் செலிக்மனும் 2004இல் வகுத்த 24 குணநலப் பலங்களின் பட்டியலும் உதவும். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது தற்பெருமையாகத் தோன்றாது. அரை மணி நேரம் பேசி, ஒரே ஒரு வேலையை மட்டும் மாற்றுங்கள். 4 வாரம் கழித்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

கெடுவது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். கோபக்கார வாடிக்கையாளரைச் சமாளிக்கத் தெரிந்தவர் தலையில் அத்தனை கோபக்காரர்களையும் கட்டிவிடுவார்கள். திறமை இருக்கிறது, ஆனால் அந்த வேலை முடிந்ததும் ஆள் துவண்டுபோகிறார் என்றால் அதைப் பலக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவருக்குச் சேரும் புகார்களுக்கு வாராந்திர வரம்பு வையுங்கள். கூடுதல் பொறுப்பென்றால் பழைய பொறுப்பில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

பாராட்டை எல்லார் முன்னாலும் சொல்லலாமா, தனியாகவா என்பதையும் நாட்டை வைத்து ஊகிக்காதீர்கள். ஒரே கிளையில் இரண்டு விதமும் இருப்பார்கள். முதல் சந்திப்பிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

தலைமையிடம், அந்தக் கிளையில் வேலையை விட்டுப் போனவர்கள், மிகைநேர வேலை, மருத்துவ விடுப்பு ஆகியவற்றின் இரண்டாண்டுக் கணக்கைக் கேளுங்கள். அவையும் முந்தைய ஆண்டைவிட மோசமாகியிருந்தால் மேலாளரைப் பற்றிப் பேசலாம். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது வேலைப்பளுவை.